வாரண்டிக்கு மடிக்கணினியை ஒப்படைக்க வேண்டும். உள்ளே ஊராரின் ஆதார் நகல்கள் இருக்கின்றன

உசிலை இணையக் கடை | திங்கள், காலை 6.50

வணக்கம். உசிலம்பட்டியில் இணைய விண்ணப்பக் கடை நடத்துகிறேன். வருமானச் சான்றிதழ், பட்டா நகல், கல்வி உதவித்தொகை, டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம், இவைதாம் என் பிழைப்பு. கடையில் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி. மூன்று நாளாகத் திரையின் இடது ஓரத்தில் பச்சைக் கோடுகள் விழுந்துகொண்டிருந்தன. நேற்று மாலை திரை முழுவதும் கறுத்துவிட்டது. விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, விண்டோஸ் திறக்கும் ஓசையும் கேட்கிறது. படம் மட்டும் இல்லை.

வாரண்டி முடிய இன்னும் 12 நாள்தான். மதுரையில் உள்ள சேவை மையத்துக்குத் தொலைபேசினேன். பில்லோடு கொண்டுவரச் சொன்னார்கள். பத்து வேலை நாள் ஆகலாம், உள்ளே இருக்கும் தகவல்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை, விண்டோஸ் கடவுச்சொல்லையும் எழுதித் தர வேண்டும் என்றார்கள்.

கடைசி இரண்டும் என்னைத் தூங்கவிடவில்லை. பழைய கணினியிலிருந்து மாற்றியவற்றையும் சேர்த்தால் நான்கு ஆண்டுக் கோப்புகள் இதில் இருக்கின்றன. ஆதார் நகல், சாதிச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கல்லூரிக்கு விண்ணப்பித்த பெண் பிள்ளைகளின் புகைப்படங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களை ஒரே கோப்பில் தட்டி வைத்திருக்கிறேன். அவர்கள் மறந்துவிட்டு என்னிடம்தான் வந்து கேட்பார்கள். இத்தனையையும் முகம் தெரியாத ஒருவர் மேசையில் எப்படி வைப்பது? பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் கடையில் நிற்க இடமிருக்காது. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

டவுன்ஹால் ரோடு மெக்கானிக் | திங்கள், காலை 8.15

சகோதரி, ஓசை கேட்கிறது என்றால் கணினிக்கு உயிர் இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. கேபிளை எடுத்து வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். உடனே படம் வராவிட்டால் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே நுழைந்துவிட்டு, விண்டோஸ் விசையோடு 'பி' விசையை அழுத்தி, கீழ் அம்புக்குறியை ஒருமுறை தட்டி, என்டர் கொடுங்கள். தொலைக்காட்சியில் படம் தெளிவாக வந்தால் மதர்போர்டும், கோப்புகள் இருக்கும் வட்டான எஸ்.எஸ்.டி.யும் பெரும்பாலும் நலம். பழுது திரைப் பலகையில் இருக்கும். இல்லையென்றால் கீல் வழியாக அதற்குப் போகும் மெல்லிய கேபிளில் இருக்கும். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது கோடுகள் வந்து போனால் எனக்குக் கேபிள் மேல்தான் சந்தேகம்.

அதைக் கைபேசியில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம். வந்து வந்து போகும் பழுது, சேவை மையத்தின் மேசையில் வைத்த அன்று வராமலே இருந்துவிடும். 'சோதித்தோம், குறை எதுவும் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிய கணினிகள் என் கடைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. கோடுகள் தெரிந்த மூன்று நாளில் எடுத்த படம் ஏதேனும் இருந்தால் அதையும் அழிக்காதீர்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. புகாரைப் பதிவு செய்து எண் வாங்குங்கள். கணினியைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம். வாரண்டி நாளுக்குள் புகார் பதிவானதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ எது வந்தாலும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பில் அனல்தாளில் அச்சடித்தது என்றால் இன்றே நகல் எடுங்கள். நம் ஊர் வெயிலில் அந்த எழுத்து ஓராண்டுகூட நிற்பதில்லை.

பல்கலை நகர் ஆய்வு மாணவன் | திங்கள், காலை 10.05

அக்கா, 'தகவல்களுக்குப் பொறுப்பில்லை' என்ற வரியை நான் சடங்குக்குச் சொல்வது என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டவன். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

என் கணினி அடிக்கடி உறைந்து நின்றது. சேவை மையத்தில் எஸ்.எஸ்.டி. பழுது என்று கண்டு, புதியது பொருத்திக் கொடுத்தார்கள். பழையதைத் திரும்பக் கேட்டேன். வாரண்டியில் மாற்றிய பழைய பாகம் நிறுவனத்துக்குச் சொந்தம், அது சென்னைக்குப் போய்விட்டது என்றார்கள். படிவத்தின் பின்பக்கத்தில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. நான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

மாங்குளத்திலும் கீழவளவிலும் எடுத்த கல்வெட்டுப் படங்கள் போயின. அவற்றைத் திரும்பப் போய் எடுத்துவிட்டேன்; குன்று அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் மேலூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் மூன்று மாலை அமர்ந்து பதிவு செய்த பேச்சு அதில் இருந்தது. அவர் அதற்கு முந்தைய மாதம் இறந்துவிட்டார். பதிவைக் கேட்டு அவருடைய பேரன் இன்றும் எனக்குத் தொலைபேசுகிறார்.

உங்கள் எஸ்.எஸ்.டி. திரும்பி வராது என்றே வைத்துக்கொண்டு எல்லா ஏற்பாட்டையும் செய்யுங்கள். உங்கள் திரைதானே பழுது, அதை ஏன் தொடப்போகிறார்கள் என்று எண்ணாதீர்கள்.

விளாங்குடி லினக்ஸ் | திங்கள், காலை 11.30

இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். பின்மூடியைக் கழற்றி எஸ்.எஸ்.டி.யை உருவி வீட்டில் வைத்துவிட்டுக் கணினியைக் கொடுங்கள். ஒரே ஒரு திருகுதான். உள்ளே தகவலே இல்லை என்றால் யாரும் எதையும் பார்க்க முடியாது. திரைப் பழுதுக்கு எஸ்.எஸ்.டி. எதற்கு? விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

டவுன்ஹால் ரோடு மெக்கானிக் | திங்கள், மதியம் 12.10

தம்பி சொல்வது கொள்கையளவில் சரி. நானும் பலருக்கு அப்படிக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மூன்று தடைகள் இருக்கின்றன. சில மாடல்களில் எஸ்.எஸ்.டி. மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். சில மையங்கள் எஸ்.எஸ்.டி. இல்லாத கணினியை 'முழுமையற்றது' என்று வாங்க மறுக்கும். மூன்றாவது, பின்மூடியைத் திறப்பதற்கு அந்த நிறுவனம் அனுமதிக்கிறதா என்பது. பல நிறுவனங்கள் தங்கள் கையேட்டிலேயே எந்தெந்தப் பாகங்களை வாடிக்கையாளர் கழற்றலாம் என்று அச்சிட்டிருக்கும். பிளாஸ்டிக் கொக்கி ஒன்று உடைந்தாலும் 'வாடிக்கையாளர் ஏற்படுத்திய சேதம்' என்று எழுத இடம் கொடுத்துவிடுவோம். ஆகவே கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகு திறக்கட்டும். டெல், லெனோவோ போன்றவை பழுதான வட்டை வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளும் சேவையைத் தனியாக விற்கின்றன. அதைக் கணினி வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.

திருமங்கலம் கணக்கர் | திங்கள், மதியம் 1.40

நகல் எடுக்கப்போகிறீர்கள் அல்லவா, அதில் ஒரு எச்சரிக்கை. எல்லாரும் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் இழுத்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். கணக்கு மென்பொருளான டேலி பிரைம் தன் கணக்குகளை வழக்கமாக 'யூசர்ஸ்' என்பதன் கீழ் 'பப்ளிக்' கோப்புறைக்குள் வைக்கிறது. உங்கள் பெயரில் உள்ள கோப்புறையை முழுவதும் நகலெடுத்தாலும் அது வராது. இரண்டு கடைகளின் ஆண்டுக் கணக்கு இப்படி விடுபட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

டேலி லைசென்ஸ் அந்தக் கணினியோடு பூட்டப்பட்டது. மதர்போர்டு மாறினால் கல்விப் பயன்பாட்டு நிலைக்குப் போய்விடும். கொடுப்பதற்கு முன் மென்பொருளுக்குள்ளேயே லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டால், திரும்பி வந்ததும் மறுபடி இயக்கிக்கொள்ளலாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி, மெமரி கார்டு, வயர்லெஸ் மவுஸின் சிறு குச்சி எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் கோப்பு தெரிகிறது என்பதால் அது கணினியில் இருக்கிறது என்று நம்பாதீர்கள். மேக அடையாளம் இருந்தால் அது இணையத்தில் மட்டும் இருக்கிறது. இலவசமாகத் தருவது 5 ஜி.பி. அது நிறைந்திருந்தால் அதற்குப் பின் வந்த கோப்புகள் மேலே ஏறியே இருக்காது.

உசிலை இணையக் கடை | திங்கள், இரவு 9.20

எல்லாருக்கும் நன்றி. தொலைக்காட்சியில் படம் தெளிவாக வந்துவிட்டது. பார்த்தவுடன் கண்ணில் நீர் வந்துவிட்டது. புகார் எண்ணும் வாங்கிவிட்டேன். மூடியை அசைத்தபோது ஒரு கணம் கோடுகள் தெரிந்தன, வீடியோ எடுத்தேன். அக்காள் மகனின் ஒரு டி.பி. வெளிவட்டில் இப்போது நகல் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடவுச்சொல் கொடுக்கலாமா கூடாதா என்பதற்கு மட்டும் பதில் இன்னும் வரவில்லை.

டவுன்ஹால் ரோடு மெக்கானிக் | திங்கள், இரவு 10.00

உங்கள் கடவுச்சொல் அவர்களுக்குத் தேவையில்லை. திரை மாற்றிய பிறகு ஒலி, கேமரா, வைஃபை வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கணக்கு வேண்டும், அவ்வளவுதான். 'சோதனை' என்ற பெயரில் சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். நிர்வாகி அதிகாரம் கொடுக்காதீர்கள். அதன் கடவுச்சொல்லைச் சேவை மையத்தின் பதிவுத் தாளான ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கணக்கிலிருந்து உங்கள் கோப்புறை திறக்காது. பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அதை மட்டும் நீக்கிவிடுங்கள். அது இருந்தால் அவர்களால் எதையும் சோதிக்க முடியாது.

ஆனால் இந்தச் சாதாரணக் கணக்கு வாசற்கதவு மட்டுமே. பென் டிரைவிலிருந்து வேறொரு இயங்குதளத்தை ஏற்றினால் பூட்டப்படாத எஸ்.எஸ்.டி. முழுவதும் திறந்து கிடக்கும். ஆகவே உங்கள் கணினியில் சாதனக் குறியாக்கம், அதாவது உள்ளே இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் பிட்லாக்கர் பூட்டு, இருக்கிறதா என்று பாருங்கள். அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்பு என்ற பகுதியில் தெரியும். 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு முதல், புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. பலருக்கு அது விழுந்ததே தெரியாது.

பூட்டு இருந்தால் நல்லது. ஆனால் அதன் சாவி உங்களிடம் இருக்க வேண்டும். 48 இலக்க மீட்பு எண் அது. மதர்போர்டில் உள்ள ஒரு சிறு பாதுகாப்புச் சில்லை நம்பித்தான் கணினி தினமும் தானாகத் திறக்கிறது. மதர்போர்டு மாறினாலோ, சில சமயம் பயாஸைப் புதுப்பித்தாலோ, நீலத்திரை வந்து அந்த எண்ணைக் கேட்கும். எண் இல்லை என்றால் உள்ளே இருப்பதை உங்களாலும் திறக்க முடியாது, எங்களாலும் முடியாது. நான் 17 ஆண்டு இந்தத் தொழிலில் இருக்கிறேன். அழுதுகொண்டு வருபவர்களிடம் 'ஒன்றும் செய்ய இயலாது' என்று சொல்ல நேர்வது இந்த ஒரு விஷயத்தில்தான்.

உசிலை இணையக் கடை | செவ்வாய், காலை 7.15

அண்ணே, பார்த்தேன். குறியாக்கம் இயங்குகிறது என்று காட்டுகிறது. நான் அதைத் தொட்டதே இல்லை. மீட்பு எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் என்று தேடினால், கணினியில் இருப்பது என் மின்னஞ்சலே இல்லை. வாங்கிய அன்று கடைக்காரப் பையன்தான் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தான். அவனுடைய மின்னஞ்சலைப் போட்டிருக்கிறான். எனக்கு நான்கு இலக்கப் பின் எண் மட்டும்தான் தெரியும். தொலைபேசினால் அவன் அந்தக் கடையை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறது என்கிறார்கள்.

டவுன்ஹால் ரோடு மெக்கானிக் | செவ்வாய், காலை 7.50

கொடுப்பதற்கு முன் பார்த்தீர்களே, அதுவே போதும். கணினி இன்னும் திறக்கிறது, நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். இப்போது எல்லாமே உங்கள் கையில். நகல் முடிந்ததா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு சாதனக் குறியாக்கத்தை அணையுங்கள். பூட்டு முழுவதும் அவிழ ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம், நடுவில் மின்சாரம் போகாமல் சார்ஜர் செருகியே இருக்கட்டும். அடுத்து உங்கள் சொந்த மின்னஞ்சலில் மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கி, அதை நிர்வாகியாகச் சேர்த்து, அதில் நுழைந்து குறியாக்கத்தை மறுபடி இயக்குங்கள். இப்போது புதிய மீட்பு எண் உருவாகி உங்கள் கணக்கில் சேரும். கைபேசியில் அந்தக் கணக்கைத் திறந்து எண் வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள் இருக்கும். அதைத் தாளில் எழுதுங்கள். கணினிப் பையில் வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள். பையனுடைய கணக்கை எல்லாம் முடிந்த பிறகு நீக்கலாம். அவசரத்தில் அதோடு சேர்ந்து உங்கள் கோப்புகளும் போய்விடக் கூடாது.

சிலர் 'பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுக் கொடுங்கள்' என்று சொல்வார்கள். நிறுவனங்களே சில நேரம் அப்படிக் கேட்கும். நிறுத்தி வைத்தால் சாவி அந்த எஸ்.எஸ்.டி.யிலேயே திறந்த நிலையில் எழுதப்படுகிறது. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுப்போவது அது. உங்கள் நிலைமைக்கு ஆகாது.

மேலூர் ஆசிரியை | செவ்வாய், மாலை 5.30

தங்கச்சி, தொழில்நுட்பம் பேச இவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கடவுச்சொல் கோப்பைப் பற்றிப் பேச வந்தேன்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட இப்படிப்பட்ட கடைகளுக்குத்தான் அனுப்புகிறேன். அதனால் உங்கள் கடையின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோப்பு கணினி பழுதானதால் ஆபத்தாகவில்லை. அது இருந்த நான்கு ஆண்டும் ஆபத்துதான். ஒரு பிள்ளையின் மின்னஞ்சல், அதன் கடவுச்சொல், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஐந்தும் ஒரே இடத்தில் இருந்தால், அதை எடுத்தவர் அந்தப் பிள்ளையாகவே வேடம் போடலாம். அந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று புரிவதற்குள் உதவித்தொகை வேறெங்கோ போய்விடும்.

கணினியைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள் என்பதே என் கருத்து. 'இந்தக் கணினியை மீட்டமை' என்பதில் எல்லாவற்றையும் நீக்கும் வழியைத் தேர்ந்து, அமைப்புகளை மாற்றும் இடத்தில் தரவைச் சுத்தம் செய்யும் தேர்வையும் இயக்கினால் போதும். ஒன்றும் இல்லாததைக் கொடுத்தால் பயமே இல்லை.

உசிலை இணையக் கடை | செவ்வாய், இரவு 9.45

அக்கா, நீங்கள் சொன்னது சுட்டது. சரியாகத்தான் சொன்னீர்கள்.

ஆனால் என் பக்கத்தையும் சொல்கிறேன். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள் வருகிறார்கள். 'அதெல்லாம் நீயே வைச்சுக்க தாயி, எனக்கு எங்க ஞாபகம் இருக்கும்' என்பார்கள். தாளில் எழுதிக் கொடுத்தால் மடியில் முடிந்து, வேலைக்குப் போகும்போது வியர்வையில் கரைந்துவிடும். மறுபடி திறக்க முடியாமல் ஒரு பெண்ணுக்கு ஓராண்டு உதவித்தொகையே போனது. அதற்குப் பிறகுதான் நான் கோப்பில் எழுத ஆரம்பித்தேன். அவர்களுக்கு உதவத்தான் வைத்தேன்.

முழுவதும் துடைக்க எனக்குத் துணிவில்லை. கைரேகைக் கருவி, ஸ்கேனர், அச்சு இயந்திரம் இவற்றை அமைக்க அந்தப் பையனுக்கே இரண்டு நாள் ஆயிற்று. முடிவு வெளியாகும் வாரத்தில் அதை மறுபடி செய்ய என்னால் இயலாது. ஊராரின் கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டு, பூட்டை என் பெயரில் மாற்றிக் கொடுக்கப் போகிறேன்.

மேலூர் ஆசிரியை | செவ்வாய், இரவு 10.20

உங்கள் மனம் புரிகிறது. துடைப்பதே நல்லது என்பதில் நான் மாறவில்லை. ஆனாலும் முடிவு உங்களுடையது.

கடவுச்சொல்லுக்கு ஒரு வழி. ஆளுக்கொரு சிறு அட்டையில் எழுதி, அஞ்சல் அலுவலகச் சேமிப்புப் புத்தகத்துக்கோ குடும்ப அட்டைக்கோ போடும் பிளாஸ்டிக் உறைக்குள் அவர்கள் எதிரிலேயே செருகிக் கொடுங்கள். அந்த உறையை யாரும் வேலைக்கு எடுத்துப் போக மாட்டார்கள். எங்கள் பள்ளியில் இப்படித்தான் செய்கிறோம். ஆதாரின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு வடிவத்தைப் பதிவிறக்கலாம்; அது போதும் என்கிற இடத்தில் முழு நகலை வாங்கி வைக்காதீர்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் ஸ்கேன் செய்த கோப்பை அழித்துவிடுங்கள்.

இன்னொன்று. பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டிய பழைய மனுக்கள் உங்களிடம் இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் திறக்கும். எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து நகலெடுங்கள்.

ஓய்வுபெற்ற சிரஸ்தார் | புதன், காலை 6.10

இழையை முழுதும் படித்தேன். கணினி எனக்குத் தெரியாது, காகிதம் தெரியும்.

அம்மா, ஜாப் ஷீட்டில் கையெழுத்திடும் முன் 'பொருளின் நிலை' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். கணினியை ஆறு பக்கமும், கீல் இரண்டையும், துளைகள் ஒவ்வொன்றையும், அடியில் உள்ள வரிசை எண்ணையும் படம் எடுத்துப் போங்கள். அங்கே கீறல், அடி என்று தவறாக எழுதினால் அந்த இடத்திலேயே திருத்தச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட பிறகு வாதிடுவது கடினம்.

கடைக்கு வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் சட்டம் உதவாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்கு வாங்கியதை விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். உங்களுக்கு அது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தாலே பல இடங்களில் வேலை நகர்ந்துவிடும். தேவைப்படாமலே போகட்டும்.

விளாங்குடி லினக்ஸ் | புதன், காலை 9.00

திங்களன்று மெக்கானிக் அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். கையேட்டைப் பார்க்காமல் திறக்கச் சொன்னது என் தவறு. திறக்காமலேயே எஸ்.எஸ்.டி.யின் மாடலையும் வரிசை எண்ணையும் விண்டோஸிலேயே பார்க்கலாம். சில கணினிகளில் பயாஸ் திரையிலும் தெரியும். குறித்து வையுங்கள். திரும்பி வரும்போது அதே எஸ்.எஸ்.டி.தான் உள்ளே இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

அக்கா, டச்பேட் மேலே எழும்பியோ அடிப்பக்கம் புடைத்தோ இல்லையே? அப்படி இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே பயன்படுத்துவதை நிறுத்தி, சார்ஜ் ஏற்றாமல், நேரில் கொண்டுபோக வேண்டும். பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்ற அனுமதியில்லை, ஆகவே கூரியரில் போடக் கூடாது.

உசிலை இணையக் கடை | புதன், இரவு 8.30

புடைப்பு எதுவும் இல்லை தம்பி. நேரில்தான் கொண்டுபோகிறேன். ஆரப்பாளையம் பஸ்ஸில் ஏறி மடியிலேயே வைத்துக்கொள்வேன்.

இன்று செய்தவை: இரண்டு நகல் எடுத்தேன், ஒன்று வீட்டில், ஒன்று அக்காள் வீட்டில். அக்காள் மகனின் கணினியில் செருகி ஐம்பது அறுபது கோப்புகளைத் திறந்து பார்த்தேன். நல்ல வேளை பார்த்தேன். பாமினி மனுக்கள் கிறுக்கலாகத் தெரிந்தன. விண்டோஸின் ஃபாண்ட்ஸ் கோப்புறையை நகலெடுத்திருந்தும் பாமினி அதில் இல்லை. அது எங்கே போயிருக்கும்?

மேலூர் ஆசிரியை | புதன், இரவு 9.05

எனக்கும் இதே சிக்கல் வந்தது. விண்டோஸ் 10இன் 2018ஆம் ஆண்டுக் கடைசிப் பதிப்பு முதல், நிர்வாகி அனுமதி இல்லாமல் நிறுவிய எழுத்துரு பொதுக் கோப்புறைக்குப் போவதில்லை. உங்கள் பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா'வில் 'லோக்கல்', அதனுள் 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'ஃபாண்ட்ஸ்' என்று இறங்குங்கள். மறைந்த கோப்புறைகளைக் காட்டும்படி அமைத்தால்தான் கண்ணில் படும்.

உசிலை இணையக் கடை | வியாழன், மதியம் 2.15

அங்கேதான் இருந்தது அக்கா. இன்று காலை கணினியைக் கொடுத்துவிட்டேன். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் விடுமுறைக்கு முன் உள்ளே போய்விட்டது.

ஐயா சொன்னது அப்படியே நடந்தது. பதிவு செய்தவர் 'கீல் பகுதியில் அடிபட்ட தடம்' என்று எழுதினார். காலை ஏழு மணிக்கு எடுத்த படங்களைக் காட்டினேன். கையால் தடவிப் பார்த்து, அது தூசி என்று ஒப்புக்கொண்டு அடித்துத் திருத்தினார். சார்ஜர் கொடுக்கவில்லை. கடவுச்சொல் கட்டத்தில் 'சோதனை' கணக்கை எழுதினேன்; ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

உசிலை இணையக் கடை | ஒன்பது நாள் கழித்து, சனி, இரவு 7.40

கணினி வந்துவிட்டது. திரையையும் கேபிளையும் மாற்றியிருக்கிறார்கள், செலவு இல்லை.

நேற்று மதியம் மையத்திலிருந்து அழைத்து, 'பயாஸைப் புதுப்பித்தோம், நீலத்திரை வந்து ஏதோ எண் கேட்கிறது, எண்ணைச் சொல்லுங்கள், இல்லையென்றால் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுவிடுகிறோம்' என்றார்கள். மெக்கானிக் அண்ணன் எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் 'அழித்துவிடுங்கள்' என்றுதான் சொல்லியிருப்பேன். அழிக்க வேண்டாம், நானே வருகிறேன் என்று சொல்லி இன்று காலை தாளோடு போனேன். திரையில் காட்டிய அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளை என் கணக்கில் உள்ளதோடு ஒப்பிட்டு, 48 இலக்கத்தையும் நானே தட்டினேன். கை நடுங்கியது. திறந்தது.

அட்டைகள் 140 எழுதிவிட்டேன் அக்கா. வருகிறவர்களுக்கு உறையில் செருகிக் கொடுக்கிறேன். கடவுச்சொல் கோப்பை இந்தக் கணினியிலிருந்து கொடுப்பதற்கு முன்பே நீக்கிவிட்டேன். நகல்களில் உள்ளதை, கடைசி அட்டை கைமாறியதும் அழிப்பேன்.

விளாங்குடி லினக்ஸ் | சனி, இரவு 8.10

மகிழ்ச்சி அக்கா. எஸ்.எஸ்.டி.யின் வரிசை எண்ணை ஒப்பிட்டீர்களா? வெளிவட்டு நகலை இரண்டு வாரமாவது அழிக்காமல் வைத்திருங்கள். மாற்றிய பாகத்தில் கோளாறு இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

உசிலை இணையக் கடை | சனி, இரவு 8.25

மையத்திலேயே ஒப்பிட்டேன் தம்பி, அதே எண்தான். 'சோதனை' கணக்கை இப்போதுதான் நீக்கினேன். ஸ்கேனரும் கைரேகைக் கருவியும் வேலை செய்கின்றன. நாளை ஞாயிறு என்றாலும் கடை திறக்கிறேன். ஏழெட்டுப் பிள்ளைகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.